பூங்காவுக்கு முன் அங்கே என்ன இருந்தது

திருச்சி கே.கே. நகரில் இன்று பூங்கா என்று வேலிக்குள் நிற்கும் இடங்கள் மனைப்பிரிவு வரைபடத்தில் பிறந்தவை. 1920இல் சென்னை மாகாணத்துக்கு ஒரு நகரமைப்புச் சட்டம் வந்தது. பின்னர் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. பெரிய நிலத்தை மனைகளாகப் பிரித்தால் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும் என்ற விதி நகரத்துக்குச் சிறு சிறு துண்டு நிலங்களைத் தந்தது. முள்செடியும் கட்டட இடிபாடும் மண்டிக் கிடந்த அத்தகைய இடங்கள் பல, 2015இல் தொடங்கிய அம்ருத் என்ற மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் நடைபாதையும் புல்தரையும் கண்டன. ஆகவே இந்தப் பசுமைக்கு வயது குறைவு. அதன் அடியில் கிடக்கும் மண்ணின் வயது வேறு. நகரப் பசுமை இடங்களில் பசுமைக்குடில் வாயுக்கள் எவ்வளவு உள்ளே போகின்றன, எவ்வளவு வெளியே வருகின்றன என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய முன்வருபவர், இந்த இரண்டாவது வயதைப் படிக்காமல் கருவியைத் தொடக் கூடாது என்பதே என் வாதம். மரங்களை எண்ணி, ஒரு மரத்துக்கு இவ்வளவு கார்பன் என்று பெருக்கி முடிவு சொல்லும் பழக்கம் நிலத்தின் வரலாற்றை ஒரே வீச்சில் அழித்துவிடுகிறது.

திருச்சியின் நிலம் ஒரே மாதிரியானதல்ல. காவிரியின் வண்டல் படிந்த வடபகுதியும் மேடேறிச் செல்லும் தென்பகுதியும் இரண்டு வேறு உலகங்கள். நடுவே ஓடுகிறது உய்யக்கொண்டான் வாய்க்கால். சோழர் காலத்தது என்றும், முதலாம் ராஜராஜன் காலத்தில் வெட்டப்பட்டது என்றும் மரபு சொல்லும் இந்த வாய்க்கால், பெட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, நகரத்தை ஊடறுத்து, சுமார் 70 கிலோமீட்டர் ஓடி வாழவந்தான்கோட்டை ஏரியில் சேர்கிறது. அதன் நீர் ஏறிய இடம் நஞ்சை. ஏறாத மேடு வானம் பார்த்த புஞ்சை. கே.கே. நகர் இந்த வாய்க்காலுக்குத் தெற்கே, புதுக்கோட்டைச் சாலைக்கும் மதுரைச் சாலைக்கும் இடையில் இருக்கிறது. இந்தத் தென்திசை மேட்டில் மழைநீரைத் தேக்கிய குளங்களும், அவற்றின் கீழ் சிறு பாசன வயல்களும், கோரையாறு போன்ற காட்டாறுகளும், நீர் எட்டாத செம்மண் கரடும் அடுத்தடுத்துக் கிடந்தன. 20ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட புதிய கட்டளை மேட்டு வாய்க்கால், காவிரி நீரையே தெற்கு மேட்டுக்குக் கொண்டுவந்து பழைய எல்லைக்கோட்டைக் கொஞ்சம் நகர்த்தியது. பிறகு வீடுகள் வந்தன. வீடுகள் வந்ததும் நஞ்சை, புஞ்சை என்ற வேறுபாடு கண்ணுக்கு மறைந்தது. மண்ணுக்குள் அது மறையவில்லை.

ஏன் என்பதை மண்ணின் வேலையைப் பார்த்தால்தான் புரியும். காற்றுப் புகும் உலர்ந்த மண்ணில் வாழும் ஒரு வகை நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள மீத்தேனை உண்கின்றன. நீர் தேங்கி உயிர்வளி அற்றுப்போன மண்ணில் வேறொரு வகை மீத்தேனை உண்டாக்குகின்றன. 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன், ஒரு கிலோ கரியமில வாயுவைப் போல 27 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நைட்ரஸ் ஆக்சைடுக்கு அது சுமார் 273 மடங்கு. யூரியா போட்டு நீர் பாய்ச்சிய புல்தரையிலிருந்து வருவது இதுதான். அமெரிக்காவின் கொலராடோவில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு, உரமும் நீரும் பெறும் நகரப் புல்தரைகள் அங்குள்ள இயற்கைப் புல்வெளிகளைவிடச் சுமார் பத்து மடங்கு நைட்ரஸ் ஆக்சைடை வெளியிடுவதையும், மீத்தேனைக் குறைவாக உறிஞ்சுவதையும் காட்டியது. அளக்கும் முறை எளியதுதான். மண்ணில் ஒரு வளையத்தைப் பதித்து, அதன்மேல் மூடியிட்ட பெட்டியைக் கவிழ்த்து, சில நிமிட இடைவெளியில் உள்ளிருக்கும் காற்றை ஊசிக்குழலால் எடுத்து, வாயுக்களின் அளவு எப்படிக் கூடுகிறது அல்லது குறைகிறது என்று பார்க்கிறார்கள். எளிதல்லாதது, வளையத்தை எங்கே, எப்போது பதிப்பது என்ற தீர்மானம். கோடையில் மாதக்கணக்கில் காய்ந்த செம்மண்மீது முதல் மழை விழுந்ததும் கரியமில வாயு குப்பென்று எழும். கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் 1950களில் இதை ஆராய்ந்த பிர்ச் என்பவரின் பெயராலேயே இது அறியப்படுகிறது. சித்திரையில் மட்டும் அளந்தவரும் ஐப்பசியில் மட்டும் அளந்தவரும் ஒரே பூங்காவுக்கு இரண்டு வேறு கதைகள் சொல்வார்கள்.

இரவல் எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1990ஐ ஒட்டி, இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 380 லட்சம் டன் மீத்தேனை வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பெயரில் ஒரு மதிப்பீடு உலவியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுத்த சில அளவுகளை நம் வயல்களின் பரப்பால் பெருக்கியதே அதன் அடிப்படை. புவி வெப்பமாவதற்கு ஏழை நாட்டு உழவரின் சோற்று வயலும் காரணம் என்ற பேச்சு எழுந்த நேரம் அது. டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஒருங்கிணைப்பில், இயற்பியலாளர் ஏ.பி. மித்ரா முன்னின்று 1991இல் நாடு முழுதும் மீத்தேன் அளவீட்டு இயக்கம் நடத்தினார்கள். நம் வயலிலேயே பெட்டிகளைக் கவிழ்த்து அளந்தபோது கிடைத்த மதிப்பு சுமார் 40 லட்சம் டன். கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு! எப்போதும் நீர் நிற்கும் வயல், விட்டு விட்டு நீர் பெறும் வயல், மானாவாரி வயல் என்று நிலத்தைப் பிரித்துப் பார்த்ததால்தான் அந்த உண்மை வெளிவந்தது. நான் வியந்து மதிக்கும் அறிவியல் முயற்சி இது. நகரப் பூங்காக்களுக்கு இத்தகைய முயற்சி இன்னும் பெரிய அளவில் தேவைப்படுகிறது.

இதைச் சொல்லும்போது பழைய முறைகள் எல்லாம் காற்றுக்கு நல்லவை, புதியவை எல்லாம் கேடு என்ற முடிவுக்குத் தாவக் கூடாது. வயலில் கொளிஞ்சியும் எருக்கும் புங்க இலையும் வெட்டிப் போட்டு மிதித்த தழையுர வழக்கம் மண்ணுக்கு உயிர் கொடுத்தது. நீர் நிற்கும் நஞ்சையில் அதே தழை மீத்தேனையும் பெருக்கியது. தொண்டரடிப்பொடியாழ்வாரின் பெயரோடு சேர்ந்த ஸ்ரீரங்கத்து நந்தவன மரபில் செடிக்குக் கிணற்று நீரும் மனித உழைப்பும் போயின. இன்றைய பூங்காவுக்கு மோட்டாரும் லாரி நீரும் போகின்றன. கணக்கில் இவை எல்லாம் சேர வேண்டும். உதிரும் இலைக்கு என்ன நேர்கிறது என்பதும் சேர வேண்டும், ஏனெனில் ஒரே வேப்பிலைக் குவியல் போகும் இடத்தைப் பொறுத்து வேறு வேறு வாயுவாகிறது. மரத்தடியிலேயே மக்கினால் பெரும்பகுதி கரியமில வாயுவாகிக் கொஞ்சம் மண்ணில் தங்கும். அடைபட்ட வாய்க்காலில் விழுந்தால் மீத்தேனாகும். தெருவோரம் கொளுத்தினால் நச்சுப் புகையாகும். அரியமங்கலம் குப்பைக் கிடங்கு போன்ற மேட்டில் மற்றக் குப்பையோடு புதைந்தால் பல ஆண்டுகள் மீத்தேனைக் கசியவிடும். அந்தக் கிடங்கு பல பத்தாண்டுகளாக நகரத்தின் கழிவை வாங்கிக்கொண்டு, அடிக்கடி தீப்பிடித்து, சுற்றியிருந்த மக்களின் மூச்சைப் பதம் பார்த்தது. மாநகராட்சி வட்டாரந்தோறும் நுண்ணுரக் கூடங்களை அமைத்தது ஒரு பூங்காவின் வாயுக் கணக்கையும் மாற்றக்கூடிய செயல்.

இத்தனை சிறிய இடங்களை அளந்து என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். இரண்டு நாளுக்கு ஒரு லிட்டர் குடிக்கும் ஆயிரம் இருசக்கர வாகனங்கள் ஆண்டுக்குச் சுமார் 420 டன் வெளியிடும். நன்றாக வளரும் மரங்கள் நிறைந்த ஒரு ஹெக்டேர் அதில் சிறு பகுதியைத்தான் ஈடுசெய்யும். எனவே பூங்கா போட்டு வாகனப் புகையை ஈடுகட்டிவிட்டோம் என்று யார் சொன்னாலும் அது தவறு. அதைத் தவறு என்று நிறுவவே நேர்மையான அளவு வேண்டும். பூங்காவின் மதிப்பு நிழலிலும், மழைநீரை உள்வாங்குவதிலும், முதியவர்கள் நடக்க இடம் தருவதிலும் பத்திரமாக இருக்கிறது. அதற்குக் கார்பன் என்ற பொய்ச் சான்றிதழ் தேவையில்லை. எதிர்த்திசையிலும் அவசரப்படக் கூடாது. கலிஃபோர்னியாவின் பூங்காப் புல்தரைகள் சேமிப்பதைவிட அதிகம் வெளியிடுகின்றன என்று 2010இல் ஓர் ஆய்வு செய்தியானது. கணக்கில் பிழை இருந்ததென்று அதே ஆய்வாளர்கள் பின்னர் திருத்தம் வெளியிட்டார்கள். திருத்தியது அவர்களுக்குப் பெருமை. ஆனால் முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் திருத்தத்தைப் படித்திருப்பார்கள்?

இன்னொரு மறுப்பு இன்னும் கூர்மையானது. பூங்கா அமைக்கும்போது லாரியில் வெளிமண்ணைக் கொட்டி நிரவிவிடுகிறார்கள், அதன்பின் பழைய நிலத்தின் வரலாறு எதற்கு என்பது அது. கொட்டிய மண்ணும் எங்கோ ஒரு குளத்திலிருந்தோ கரட்டிலிருந்தோ வந்ததுதான். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அடியில் கிடப்பது பழைய குளத்துக் களியா, கரட்டுச் சரளையா என்பதைப் பொறுத்தே மழைநீர் தேங்குவதும் வடிவதும் நடக்கும். நீர் தேங்குவதைப் பொறுத்தே வாயு மாறும். இதை அறிய வழியும் உண்டு. நில அளவைக்காரர்கள் தலைமுறைகளுக்கு முன்பே ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு, குளம் என்று வகை எழுதி, மண்ணின் தரத்தையும் தீர்வையையும் குறித்து வைத்திருக்கிறார்கள். வரி வசூலுக்காக எழுதிய அந்த ‘அ’ பதிவேடும் புலப்படமும் இன்றைய மண்ணாய்வாளருக்கு முதல் ஆவணம். கே.கே. நகரில் ஆய்வு செய்ய வருபவர், குளமாக இருந்த எண்ணில் ஒரு பூங்கா, புஞ்சையாக இருந்த எண்ணில் ஒரு பூங்கா, யாரும் தொடாத வெற்று ஒதுக்கிடம் ஒன்று என்று தேர்ந்து வளையம் பதிக்கட்டும். வடகிழக்குப் பருவமழை ஓராண்டு பெய்து மறு ஆண்டு பொய்ப்பது இங்கே வழக்கம். ஆகவே பட்டம் வாங்கியதும் அந்த வளையங்களைப் பிடுங்கி எடுக்காமல் அடுத்து வரும் மாணவருக்கு அதே இடத்தில் விட்டுச்செல்லும் ஏற்பாட்டைப் பல்கலைக்கழகமும் மாநகராட்சியும் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.