செயற்கைக்கோள்களின் சூரிய மின்கலங்களைச் சிதைக்கும் கதிர்வீச்சு: ஆயுளைத் தீர்மானிப்பது எப்படி?

திருப்பதி: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படும் ஒவ்வொரு செயற்கைக்கோளும், சூரிய மின்தகடுகளை விரித்த நாள் முதலே மின்திறனைச் சிறிது சிறிதாக இழக்கத் தொடங்குகிறது. விண்வெளியில் அதிவேகமாகப் பாயும் புரோட்டான்களும் எலக்ட்ரான்களுமே இதற்குக் காரணம். விண்ணில் சென்று பழுதுபார்க்க இயலாது என்பதால், இந்த இழப்பை முன்கூட்டியே கணித்துக் கூடுதல் மின்கலங்களுடன் அனுப்புவதே நடைமுறையாக உள்ளது.

சதீஷ் தவான் விண்வெளி மையம் அமைந்துள்ள ஸ்ரீஹரிகோட்டா, முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டபோது அதனுடன் இணைந்தது. புயல் எச்சரிக்கைக்கு உதவும் இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோள் 2024 பிப்ரவரி 17 அன்று இங்கிருந்தே ஏவப்பட்டது.

சேதம் ஏற்படும் விதம்

சூரிய ஒளி பட்டதும் மின்கலத்துக்குள் எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அவை இரு அடுக்குகள் சந்திக்கும் எல்லையைச் சென்றடைந்தால்தான் மின்சாரம் கிடைக்கும். வெளியிலிருந்து பாயும் துகள்கள், படிகத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்ட அணுக்களை மோதி இடம்பெயரச் செய்கின்றன. இவ்வாறு உண்டாகும் குறைபாடுகளில் எலக்ட்ரான்கள் சிக்கி, எல்லையை எட்டும் முன்பே மறைந்துவிடுகின்றன. குறைபாடுகள் பெருகப் பெருக மின்னோட்டமும் மின்னழுத்தமும் குறைகின்றன.

வான் ஆலன் பட்டைகள்

பூமியின் காந்தப்புலம் இத்தகைய துகள்களைச் சிறைப்பிடித்து வைத்துள்ளது. அமெரிக்காவின் எக்ஸ்புளோரர்-1 அனுப்பிய தரவுகளைக் கொண்டு 1958-இல் ஜேம்ஸ் வான் ஆலன் இதனைக் கண்டறிந்தார். உள் பட்டையில் ஆற்றல் மிக்க புரோட்டான்களும், வெளிப் பட்டையில் எலக்ட்ரான்களும் மிகுந்துள்ளன. சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ள தகவல் தொடர்பு, வானிலைச் செயற்கைக்கோள்கள் வெளிப் பட்டையின் தாக்கத்துக்கு உட்பட்டே பல ஆண்டுகள் இயங்குகின்றன.

இந்தியாவின் கோள் ஆய்வுப் பயணங்களுக்கு மற்றொரு சவாலும் உண்டு. எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்த, விண்கலங்கள் பூமியை நீள்வட்டப் பாதையில் பலமுறை சுற்றி, படிப்படியாக உயரம் கூட்டப்படுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடக்க நேரிடுகிறது. 2013 நவம்பர் 5 அன்று புறப்பட்ட மங்கள்யான், டிசம்பர் 1 அன்றுதான் பூமியின் சுற்றுப்பாதையை விட்டு விலகியது. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 செப்டம்பர் 19 வரை பூமியைச் சுற்றியது.

மின் உந்துவிசையை மட்டுமே நம்பிச் சுற்றுப்பாதையை உயர்த்தும் செயற்கைக்கோள்களுக்கு இப்பயணம் மாதக்கணக்கில் நீளும். எரிபொருள் எடை குறையும் என்றாலும், மின்கலங்கள் ஏற்கும் கதிர்வீச்சு அதிகரிக்கும்.

1962 தந்த பாடம்

1962 ஜூலை 9 அன்று பசிபிக் பெருங்கடலுக்கு மேல் சுமார் 400 கி.மீ. உயரத்தில் அமெரிக்கா 'ஸ்டார்ஃபிஷ் பிரைம்' அணுகுண்டுச் சோதனையை நடத்தியது. அதில் வெளிப்பட்ட எலக்ட்ரான்கள் பூமியைச் சுற்றிச் செயற்கையான கதிர்வீச்சுப் பட்டையை உருவாக்கின. பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல்-1 உள்ளிட்டவற்றின் சூரிய மின்கலங்கள் சேதமடைந்தன.

பாதுகாப்பு என்ன?

மின்கலத்தின் மீது ஒளி விழ வேண்டும் என்பதால் அதனைத் தடித்த உலோகத்தால் மூட முடியாது. எனவே சீரியம் கலந்த மெல்லிய கண்ணாடி மேற்பரப்பில் ஒட்டப்படுகிறது. ஆற்றல் குறைந்த புரோட்டான்களை இது தடுத்துவிடும். ஆற்றல் மிக்கவை ஊடுருவிச் செல்லும். தொடக்ககாலச் சிலிக்கான் கலங்களுக்குப் பதிலாக, காலியம் ஆர்சனைடை உள்ளடக்கிய மூன்றடுக்குக் கலங்கள் தற்போது பரவலாகப் பயன்படுகின்றன. இவை கூடுதல் மின்சாரம் தருவதோடு, கதிர்வீச்சையும் சிலிக்கானைவிட நன்கு தாங்குகின்றன.

ஏவுவதற்கு முன்பே மாதிரிக் கலங்கள் மீது துகள் முடுக்கிகளில் எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் செலுத்தப்பட்டு இழப்பு அளவிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஆயுள் முடிவில் 15 சதவீத மின்திறன் குறையும் எனக் கணிக்கப்பட்டால், அன்று 3,400 வாட் கிடைக்க முதல் நாளில் 4,000 வாட் திறன் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு தவறினால், எரிபொருள் மீதமிருந்தும் கருவிகளை ஒவ்வொன்றாக அணைக்கும் நிலை ஏற்படும். தொலைக்காட்சி ஒளிபரப்பு முதல் மீனவர்களுக்கான வானிலைத் தகவல் வரை அதனால் பாதிக்கப்படலாம்.

சூரியப் புயலும் கண்காணிப்பும்

சராசரிக் கணக்கைச் சூரியப் புயல்கள் திடீரெனக் குலைத்துவிடும். 2000 ஜூலை 14 அன்று ஏற்பட்ட வெடிப்பில் வெளிப்பட்ட புரோட்டான்கள், சோஹோ விண்கலத்தின் மின்தகடுகளுக்கு ஏறக்குறைய ஓராண்டில் ஏற்பட வேண்டிய தேய்மானத்தைக் குறுகிய நேரத்தில் ஏற்படுத்தின.

இதனால் துகள்களைக் கண்காணிப்பது முக்கியத்துவம் பெறுகிறது. ஆதித்யா-எல்1 விண்கலத்தின் 'ஸ்டெப்ஸ்' கருவி, 2023 செப்டம்பர் 10 அன்று பூமியிலிருந்து 50,000 கி.மீ.க்கு அப்பால் இயக்கப்பட்டுத் துகள்களை அளவிடத் தொடங்கியது. திருப்பதிக்கு அருகே காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம், மேல் வளிமண்டலத்தையும் அயனி மண்டலத்தையும் ரேடார் மூலம் ஆராய்ந்து வருகிறது. கிடைக்கும் அளவீடுகள் துல்லியமாகும்போது, வருங்காலச் செயற்கைக்கோள்களில் பொருத்த வேண்டிய கூடுதல் மின்கலங்களின் அளவையும் சரியாக வரையறுக்க முடியும்.