கரிசல் வட்டார இசைக்குழுக்களின் வாகனங்கள்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் நிலப்பகுதி, நாதசுரம், வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம் ஆகிய கலைகள் இன்றும் தொழிலாக நடைபெறும் பகுதியாகும். அம்மன் கோயில் கொடை, சுடலைமாடன் கொடை, திருமணம், காதணி விழா ஆகியவற்றுக்காகக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று வாசிக்கின்றன. மாட்டு வண்டியிலும் ரயிலிலும் போய்வந்த இக்குழுக்கள் பின்னர் பேருந்துக்கும், வாடகைக் காருக்கும், வேனுக்கும் மாறின. ஒரு குழுவுக்கு எந்த வாகனம் பொருந்தும் என்பதைக் கருவிகளின் அளவும் ஆட்களின் எண்ணிக்கையும் தீர்மானித்தன. காரின் அழகு என்பது தனிக் கணக்கு. அந்தக் கணக்கில் கலைஞனின் மரியாதையும் சேர்ந்திருந்தது.

குழுவும் சுமையும்

முழுமையான நாதசுரக் குழு என்பது இரண்டு நாதசுரம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்று ஆறு பேர். ஓட்டுநரைச் சேர்த்தால் ஏழு. நாதசுரத்துக்கு அதிக இடம் தேவைப்படாது. குட்டையான திமிரி வகையைக் காட்டிலும் நீளமான பாரி வகை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பரவலாகிவிட்டபோதும், உறையில் இட்டு மடியில் வைத்துக்கொள்ளலாம். சீவாளியைக் கலைஞர் தன் கையிலேயே வைத்திருப்பார். சிக்கல் தவிலில்தான். பலாமரத்தில் குடைந்த பீப்பாய் உடலும் இரு பக்கமும் பருத்த வளையங்களும் கொண்ட தவிலை மடக்கவோ நசுக்கவோ முடியாது. அதன் தோல் வெயிலில் விறைக்கும், ஈரத்தில் தளரும். ஆகவே காரின் கூரைமேல் கட்டுவது கடைசி வழி. இரண்டு தவில் உள்ளே ஏறினால் ஓர் ஆள் உட்காரும் இடம் போய்விடும்.

வில்லுப்பாட்டுக் குழுவின் சுமை வேறு வகையானது. ஆள் உயரத்தை மிஞ்சும் வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை அதில் அடங்கும். வில் எந்தக் காருக்குள்ளும் நுழையாது, கூரைக்குத்தான் போகவேண்டும். மண்குடம் கூரைக்குப் போகவே கூடாது. அமெரிக்காவில் 1950களில் எல்விஸ் பிரெஸ்லியுடன் சுற்றிய பில் பிளாக் தன் பெரிய பாஸ் வயலினைக் கார்க் கூரைமேல் கட்டிக்கொண்டு போனார் என்பது ராக் இசை வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. கொடைக்காலத்தில் கரிசல் சாலையில் போகும் வில்லுப்பாட்டுக் காருக்கும் அதே தோற்றம்தான்.

பயண நேரமும் முக்கியமானது. முதல் நாள் இரவு சுவாமி புறப்பாட்டுக்கு வாசித்துவிட்டு மறுநாள் விடியற்காலை முகூர்த்தத்துக்கு வேறோர் ஊரில் இருக்கவேண்டிய நிலை மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் வழக்கமாக வரும். பேருந்து ஓடாத நேரம் அது. அந்த நேரத்தில் வேகமான வண்டியைவிட, காலை நீட்டி இரண்டு மணி நேரம் உறங்க இடம் தரும் வண்டியே ஊதுபவருக்கு உதவும். மூச்சை நம்பிய தொழில் அது.

தோள்துண்டும் காரும்

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. கோயிலிலும் வீட்டு விசேஷங்களிலும் மங்கல இசை வாசித்த மேளக்காரர்கள் நீண்ட காலம் சட்டையில்லாமல், துண்டை இடுப்பில் கட்டி, நின்றும் நடந்துமே வாசிக்கவேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டார்கள். மேளக்காரர் தோளில் துண்டு போடலாமா என்பது சுயமரியாதை இயக்கக் காலத்தில் பொதுச் சச்சரவாகவே எழுந்தது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கிராப்புத் தலையும் நீண்ட கோட்டும் அணிந்து, மேடையில் அமர்ந்து வாசித்து இந்த வழக்கத்தை உடைத்தார். ஒத்துக்குப் பதிலாகத் தம்பூராவையும் சுருதிக்கு வைத்துக்கொண்டார். பயணக் கணக்கில் பார்த்தால் இது சுமையைக் கூட்டிய மாற்றம்தான்.

அவருடைய மாணவர் காருக்குறிச்சி அருணாசலம் (1921–1964) திருநெல்வேலிப் பகுதியில் பிறந்து, கோவில்பட்டியில் வாழ்ந்தவர். ‘கொஞ்சும் சலங்கை’ (1962) திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்த அவரது நாதசுரம் தமிழகம் முழுவதும் ஒலித்தது. கோவில்பட்டியில் அவருக்குச் சிலை உண்டு. இத்தகைய கலைஞர்களின் காலத்தில்தான், மேளக்காரர் காரில் வந்து இறங்குவது ஊர்க்காரர் கண்ணில் படும் செய்தியாயிற்று. அழைத்தவர் வீட்டு வாசலில் கார்க்கதவைத் திறந்து இறங்குபவரிடம் ‘துண்டை இடுப்பில் கட்டு’ என்று சொல்ல நா எளிதில் எழாது. எனவே காரின் அழகு வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று.

ஆனால் அந்த மரியாதை பெரும்பாலும் முதல் நாதசுரக்காரருக்கே உரியதாக இருந்தது. ஒத்து ஊதுபவரும் தாளம் போடுபவரும் பேருந்திலோ லாரியிலோ வந்து சேர்ந்தாலும் எவரும் கேட்கப் போவதில்லை. அழகான சிறிய காரில் ஒருவர் வருவதா, பெரிய வண்டியில் ஆறு பேரும் வருவதா என்ற கேள்விக்குள் குழுவின் படிநிலையும் அடங்கியிருந்தது. கரிசல் நாட்டு நாதசுரக் கலைஞர்களின் வாழ்வை எழுதிய எஸ். ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’ நாவல் (2018 சாகித்திய அகாதமி விருது) இக்கலைஞர்கள் எதிர்கொள்ளும் அவமதிப்பைக் களமாகக் கொண்டது.

ஹெரால்டும் அம்பாசிடரும்

1960களில் இந்தியாவில் கார் வாங்க நினைப்பவருக்கு இருந்த வாய்ப்புகள் மிகக் குறைவு. இந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசிடர், பிரீமியர் நிறுவனத்தின் பியட், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த ஹெரால்டு. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும் என்பதால், பழைய வண்டியும் வாடகை வண்டியுமே பலருக்கு எட்டின.

இம்மூன்றில் விளையாட்டுக் காரின் சாயல் கொண்டது 1961-இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கலோட்டி வரைந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. கூர்மையான பின்விளிம்புகள், இரண்டே கதவுகள், முகப்பு முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் பானட் ஆகியவை அதன் அடையாளங்கள். இங்கிலாந்தில் இதே காரின் அடிச்சட்டத்திலிருந்துதான் 1962-இல் ஸ்பிட்பயர் என்ற உண்மையான இரண்டு இருக்கை விளையாட்டுக் கார் உருவானது. இளைஞரும் திரைப்பட ரசிகரும் ஹெரால்டை விரும்பியதில் வியப்பில்லை.

மேளக் குழுவுக்கு அது ஒத்துவராத வண்டி. இரண்டு கதவுக் காரில் பின்னிருக்கைக்குத் தவிலை ஏற்ற முன்னிருக்கையை மடக்கி, குனிந்து, வளையம் உரசாமல் திருப்பி நுழைக்கவேண்டும். அதன் பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அச்சில் அமைந்தவை. பின்னால் பாரம் ஏறினால் சக்கரங்கள் காலை அகட்டி நிற்பதுபோல் சாயும். நான்கு கதவு ஹெரால்டு பின்னர்தான் வந்தது. 1970களில் வந்த கெஸல் காரில் ஆடும் அச்சும் கைவிடப்பட்டது.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி 1950களின் இறுதியில் வந்த அம்பாசிடர் நேர்மாறானது. உருண்டு திரண்ட உடல், பார்வைக்கு மந்தமான தோற்றம். ஆனால் பழைய அம்பாசிடரில் கியர்த் தண்டு ஸ்டியரிங் அருகே இருந்ததால் முன்னிருக்கை ஒரே நீள மெத்தையாக இருந்தது. ஓட்டுநரோடு இருவர் முன்னே, நெருக்கினால் நால்வர் பின்னே. ஆறு பேர் கொண்ட குழுவுக்குச் சொல்லிவைத்ததுபோன்ற கணக்கு. டிக்கியில் ஒரு தவிலும் துணிப்பெட்டிகளும் போகும். கல்யாண வீட்டுக்கு வந்து நிற்கும்போது பெரிய வண்டி என்ற மதிப்பும் உண்டு. அழகும் இடவசதியும் எதிரெதிராக நின்ற வழக்கில் அம்பாசிடர் ஓரளவு சமாதானம் செய்து வைத்தது எனலாம்.

வேன்களின் காலம்

பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் மெட்டாடர் வேன் சாலைக்கு வந்தபோது அதை விரும்பி ஏற்றவர்களில் மெல்லிசைக் குழுவினர் குறிப்பிடத்தக்கவர்கள். டிரம்ஸ், ஒலிபெருக்கி, ஆர்மோனியம், கித்தார் என்று அவர்களின் சுமை மேளக் குழுவின் சுமையைவிடப் பல மடங்கு. இங்கிலாந்தில் 1965-இல் வந்த போர்டு டிரான்சிட் வேன் பாப் இசைக் குழுக்களின் நிரந்தர வண்டியானதும் இதே காரணத்தால்தான்.

சிறிய குழுக்களுக்குத் திருப்பத்தைத் தந்தது 1984-இல் வெளியான மாருதி வேன். பின்னர் ஆம்னி என்று பெயர் பெற்ற இவ்வண்டியின் 796 சிசி எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில் இருந்தது. அதனால் பின்பகுதி தட்டையான தரையாகக் கிடைத்தது. பக்கவாட்டுக் கதவு இழுத்துத் திறப்பது, எனவே தவிலை நேராக உள்ளே வைக்கலாம். மொத்த நீளம் 3.37 மீட்டர் மட்டுமே. அம்பாசிடரைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் குட்டையான வண்டி இடத்தில் அதை வென்றது. வடிவத்தில் அது ஒரு ரொட்டித் துண்டு. அழகு பற்றிய பேச்சுக்கே இடமில்லை. முதல் நாதசுரக்காரரும் தாளக்காரரும் ஒரே வண்டியில், ஒரே உயரத்தில் உட்கார்ந்து வந்தார்கள்.

ஏறக்குறைய இதே காலத்தில் மின்னணுச் சுருதிப்பெட்டி பரவியதால் ஒத்துக்காரரின் இடம் காலியானது. வண்டியில் ஓர் இருக்கை மிச்சமாயிற்று. குழுவில் ஒரு பிழைப்பு போயிற்று.

1998-இல் சான் மோட்டார்ஸ் நிறுவனம் சான் ஸ்டார்ம் என்ற இரண்டு இருக்கை விளையாட்டுக் காரை இந்தியாவிலேயே தயாரித்து விற்றது. தாழ்ந்த உடல் கொண்ட அக்காரைக் கரிசலில் ஓட்டுவது எவருக்கும் எளிதன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் இம்மண் களியாகி டயரைச் சுற்றி அப்பிக்கொள்ளும். தார்ச்சாலையை விட்டு இறங்கிக் கோயில் திடலுக்குப் போகும் வண்டி எதுவானாலும் தள்ளுவதற்கு ஆள் வேண்டும். ஆறு பேர் வரும் வேனில் அதற்குக் குறைவில்லை.

புதிய பாதுகாப்பு விதிகளை ஒட்டி ஆம்னியின் தயாரிப்பு 2019-இல் நிறுத்தப்பட்டது. அதே நிறுவனத்தின் ஈக்கோ, மகிந்திராவின் பொலிரோ, வசதியுள்ள குழுக்களுக்கு இன்னோவா என்று இப்போது வண்டிகள் மாறியுள்ளன. வில்லுப்பாட்டுக் குழுவின் வில் மட்டும் இவற்றிலும் கூரைமேல்தான் பயணம் செய்கிறது.