குள்ளர் குடியிருக்காத வீடு

பழனி மலையில், பெருமாள்மலையைத் தாண்டி, பேத்துப்பாறையில் இருக்கும் கற்திட்டைகளை ஊரார் குள்ளர் குகை என்கிறார்கள். ஓடையின் குறுக்கே பலகைக்கல் போட்டுப் பாலம் அமைக்கும் அதே வேலைதான் இதுவும்: பக்கங்களில் பலகைக்கற்களை நட்டு, மேலே பெரிய கல்லொன்றை மூடியாகக் கிடத்தியிருக்கிறார்கள். சாந்து கிடையாது. மூடிக்கல்லின் பாரமே பக்கக்கற்களைப் பிடித்து நிறுத்துகிறது. உள்ளே குனிந்துதான் நுழையலாம்; நிமிர்ந்தால் தலை இடிக்கும். குள்ளர் கதை பிறந்தது அங்கேதான். கர்நாடகத்து ஹிரேபெனகல்லில் இத்தகைய கற்திட்டைகளை மோரியர் என்ற குள்ளர்களின் வீடுகள் என்கிறார்கள். கேரளத்து மறையூரில் முனிவர்கள் தங்கிய முனியறைகள் என்கிறார்கள். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனமில்லை. நம் அளவு மனிதருக்கு இந்த இடம் போதாது என்பதை மக்கள் சரியாகவே கண்டார்கள். குடியிருக்கத்தான் கட்டியிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டதில்தான் பிசகு.

இவை இறந்தவர்களுக்காக எழுப்பியவை. அங்ளேட், நியூட்டன் என்ற இரு பாதிரியார்கள் பழனி மலைக் கற்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. பின்னாளில் இதே மலையின் தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்த ஈமச்சின்னங்களில் சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளம் இந்த மலையின் கல் அல்ல, பல கை மாறி மேலே ஏறியது. பதிலுக்கு மிளகும் ஏலமும் கீழே இறங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். கல்லறை என்றால் எலும்பு எங்கே என்று கேட்பவர்கள் உண்டு; நியாயமான கேள்வி. பல திட்டைகள் வெறும் பாறைமேல் நிற்கின்றன, அங்கே குழி தோண்டவே வழியில்லை. மழை ஓயாத மலைமண்ணில் எலும்பு நெடுநாள் தங்காது. இறந்தோர்க்குச் செய்யும் முறைகளாக மணிமேகலை ஐந்தைச் சொல்கிறது. எல்லாமே உடலைப் புதைப்பவை அல்ல. ஆகவே சில திட்டைகள் உடல் வைக்காத நினைவிடங்களாகவும் இருந்திருக்கலாம்.

இத்தனை பெரிய கல்லைச் சாதாரண மனிதர்கள் தூக்க முடியுமா, பாண்டவர்கள்தான் வைத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு வாதம். தூக்க வேண்டியதே இல்லை. பாறை தகடு தகடாக உரியும் இடத்தில் ஆப்பு அடித்துப் பெயர்க்கலாம், மண்ணைச் சரிவாகக் கொட்டி நெம்பி மேலே ஏற்றலாம். ஊர் கூடினால் போதும். உள்ளே புதையல் இருக்கும் என்று அந்த மூடியைப் புரட்டுகிறவன், ஊர் கூடி வைத்த பாரத்தைத்தான் எடுக்கிறான். அது போனால் பக்கக்கற்கள் ஒவ்வொன்றாகச் சாயும்.