இருசக்கர ஓட்டத்திலிருந்து விலகல்: பெங்களூருவை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் வரையறையும்

நாற்பது ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஒருவர் அதை எப்போது, எந்த அடிப்படையில் நிறுத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள். விபத்திலோ நோயிலோ கால் இழந்து, கண் இழந்து நிறுத்த நேர்ந்தவர்கள் இதில் அடங்கார். அவர்களுக்குத் தீர்மானிக்க ஒன்றுமில்லை. ஓட்ட முடிகிறது, ஆனால் இனி ஓட்டலாமா என்ற ஐயம் உள்ளே புகுந்துவிட்டது. இந்நிலையில் இருப்பவரையே நாம் கருதுகிறோம்.

மூன்று சொற்களை வரையறுத்துக்கொள்வோம். இருபதை ஒட்டிய வயதில் தொடங்கி, நீண்ட இடைவெளியின்றி அறுபதுக்கு மேலும் ஓட்டி வருபவர் வாழ்நாள் ஓட்டுநர். இளமையில் ஓட்டி, பின்பு குடும்பம், கார் என்று பதினைந்து இருபது ஆண்டுகள் விட்டுவிட்டு, பணி ஓய்வுக்குப் பின் மீண்டும் வண்டி வாங்குபவர் மீள் ஓட்டுநர். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்திருக்கலாம். இருவருக்கும் உள்ள ஆபத்து ஒன்றாகாது. மூன்றாவது சொல் விலகல். தாம் வழக்கமாக ஓட்டிவந்த சூழல்களில் ஒன்றை ஓட்டுநர் தாமே கைவிடுவதை விலகல் என்கிறோம். இரவில் எடுக்காமலிருப்பது ஒரு விலகல், மழையில் எடுக்காமலிருப்பது இன்னொன்று, பின்னால் ஆளேற்ற மறுப்பது மற்றொன்று. நிறுத்தம் என்பது இந்த வரிசையின் கடைசி விலகல் மட்டுமே.

நாம் நிறுவ முனைவது இது: பலரும் விலகல்களை வேகத்தின் அடிப்படையில் அடுக்குகிறார்கள். நெடுஞ்சாலையை முதலில் விட்டு, நகர ஓட்டத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறார்கள். பெங்களூருவைப் பொறுத்தவரை இந்த வரிசை பிழையானது.

2. வண்டியும் தலைமுறையும்

இன்று அறுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில் உள்ள பெங்களூரு ஓட்டுநர், வண்டி கற்ற காலம் குறிப்பிடத்தக்கது. மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை 1961 முதல் 1996 வரை ஜாவா, யெஸ்டி வண்டிகளைச் செய்தது. சென்னையில் 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு புல்லட்டைத் தந்தது. 1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல். ஆகிய பொதுத்துறை ஆலைகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போனவர்களுக்கும், சுமார் 900 மீட்டர் உயரத்தில் வெயில் கடுமையற்ற ஓர் ஊரில் வாழ்ந்தவர்களுக்கும் ஆண்டு முழுவதும் வண்டி ஓட்டுவதில் தடையேதும் இருக்கவில்லை.

அவ்வண்டிகள் உடலுக்குக் கற்பித்தவை ஒன்றுக்கொன்று முரணானவை. யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே தண்டு. பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கு, பின் பிரேக் இடக்காலுக்கு. இப்போது விற்கும் வண்டிகளில் இது நேர்மாறு. அமைதியான ஓட்டத்தில் புதிய பழக்கம் ஒழுங்காகவே வேலை செய்யும். ஒரு நாய் சட்டென்று குறுக்கே பாயும்போது எழுவதோ இளமையில் பதிந்த பழக்கம்: இடக்கால் பிரேக்கைத் தேடிப்போய்க் கியரை அழுத்துகிறது. இதைப் பழக்க மீட்சி எனலாம். இடையறாது ஓட்டியவரிடம் புதிய பழக்கம் பழையதை ஓரளவு மூடியிருக்கும். மீள் ஓட்டுநரிடம் அந்த மூடல் நிகழவே இல்லை.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்எக்ஸ் 100 நூறு கிலோவை ஒட்டியது. என்ஃபீல்டின் இன்றைய கிளாசிக் 350இன் எடை 195 கிலோ. இருபத்தைந்து வயதில் நூறு கிலோவை உருட்டியவர், பணிக்கொடை கைக்கு வந்த அறுபதில் ஏறத்தாழ இருமடங்கு எடையை வாங்குகிறார். ஓடும்போது இந்த எடை தெரியாது. சரிவான இடத்தில் பின்னோக்கி இழுக்கும்போதும், சென்டர் ஸ்டாண்ட் போடும்போதும், சாய்ந்த வண்டியை ஒற்றைக் காலால் தாங்கும்போதும்தான் தெரியும். வாங்குவதற்கு முன் இந்த மூன்றையும் செய்து பார்ப்பவர்கள் அரிது. எல்லோரும் ஓட்டித்தான் பார்க்கிறார்கள்.

3. குறைவின் காரணங்கள்

குறைவுகள் எல்லாம் ஒரே வேகத்தில் வருவதில்லை. முதலில் வருவது கண். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பாவை சுருங்குவதும் கண்வில்லை மஞ்சளடைவதும் இதற்குக் காரணங்கள். எதிரே வரும் வண்டியின் வெள்ளை எல்இடி ஒளியில் கண் கூசிய பின் பார்வை தெளிய எடுக்கும் நேரமும் வயதோடு நீள்கிறது. அந்த இடைவெளியில்தான் வண்ணம் பூசாத வேகத்தடையும், தண்ணீர் நிறைந்த குழியும் வந்து சேர்கின்றன.

அடுத்தது எதிர்வினைக் காலம். ஆபத்து கண்ணில் பட்டதற்கும் கை பிரேக்கைப் பிடிக்கத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரம் அது. இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரே குறிப்புக்கு ஒரே செயல் என்பது எளிய எதிர்வினை. இதில் வயதின் தேய்மானம் சிறிது. பிரேக்கா, ஒதுங்கலா, வேகம் கூட்டலா என்று தேர்ந்து செய்வது தெரிவு எதிர்வினை. இதில் தேய்மானம் அதிகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறது. தேர்வதில் அரை நொடி கூடினால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே எட்டு மீட்டருக்கு மேல் கூடுதலாகப் போய்விடும். அது ஏறத்தாழ இரண்டு சிறிய கார்களின் நீளம்.

கழுத்து முழுதாகத் திரும்பாமை, தசைக் குறைவு, சமநிலைத் தளர்வு ஆகியவை வெளிப்படையானவை, விரித்துரைக்க வேண்டியதில்லை. கவனத்துக்கு வராதது நீரிழிவு. பல ஆண்டு நீரிழிவில் பாத நரம்புகள் மரத்தால், பின் பிரேக்கில் எவ்வளவு அழுத்தம் தருகிறோம் என்பதைக் கால் சொல்லாது. இரத்த அழுத்த மாத்திரை எழுந்து நிற்கையில் தலைசுற்றல் தரலாம். சளி மாத்திரை உறக்கம் தரும்.

எலும்பின் நிலை விபத்துக்குக் காரணமாவதில்லை. விபத்தின் விளைவை மாற்றுகிறது. அமெரிக்க மருத்துவமனை அவசரப் பிரிவுகளுக்கு 2001 முதல் 2008 வரை வந்த மோட்டார் சைக்கிள் காயங்களை ஆராய்ந்தவர்கள், இருபது முப்பதுகளில் உள்ளவர்களைவிட அறுபது கடந்தவர்கள் உள்நோயாளியாகச் சேர்க்கப்படும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்று கண்டார்கள். அந்நாட்டு வண்டிகளும் சாலைகளும் வேறு, எலும்பு வேறன்று.

இக்காரணங்களைத் திருத்தத்தக்கவை, திருத்த இயலாதவை என்று பிரித்தே எடைபோட வேண்டும். கண்புரைக்கு அறுவை உண்டு, மாத்திரையை மாற்றலாம், பழைய கண்ணாடிக்குப் புதிய பவர் போடலாம். திருத்தத்தக்க காரணத்துக்காக நிரந்தரமாக நிறுத்துவோரும் உளர், திருத்த இயலாத காரணத்தைக் கண்ணாடி மாற்றிச் சமாளிக்கப் பார்ப்போரும் உளர்.

4. ஈடுகட்டல்

குறைந்த திறனை வேறொரு திறனால் நிரப்புவதை ஈடுகட்டல் என்கிறோம். நாற்பது ஆண்டு ஓட்டியவர் நின்ற காரின் முன்சக்கரம் திரும்பியிருப்பதைக் கண்டே அது புறப்படப்போவதை அறிகிறார். நிறுத்தத்தில் நிற்கும் பி.எம்.டி.சி. நகரப் பேருந்தின் முன்னாலிருந்து ஆள் வருவார் என்று எதிர்பார்த்தே அதைக் கடக்கிறார். விரைவான கை செய்ய வேண்டியதை முன்கணிப்பு செய்துவிடுகிறது. இதுவே அவருடைய பெருமை; சிக்கலும் இங்கேதான். ஈடுகட்டல் நன்றாக இருக்கும் வரை உள்ளே நடக்கும் குறைவு வெளியே தெரிவதில்லை. “இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் இல்லை” என்னும் வாதம் இதுவரை ஈடுகட்டல் போதுமானதாக இருந்ததைக் காட்டுகிறது. இனியும் போதுமா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

இவ்விடத்தில் டெட் சைமனை உதாரணம் காட்டுபவர்கள் உண்டு. 1973இல் புறப்பட்டு நான்கு ஆண்டுகள் மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிய அந்த பிரிட்டன்காரர், எழுபதை ஒட்டிய வயதில் 2001இல் அதே பயணத்தை மீண்டும் தொடங்கினார். கென்யாவில் கால் முறிந்தும் தொடர்ந்தார். அவர் வணக்கத்துக்குரியவர்தாம். ஆயினும் ஒருவரது மன உறுதி மற்றொருவரது பாத நரம்புக்குச் சான்றாகாது.

அப்படியானால் குறைவை எதில் காண்பது? விபத்தில் தேடக் கூடாது, ஈடுகட்டலுக்கு அகப்படாத சிறு எச்சங்களில் தேட வேண்டும். வீட்டு கேட்டில் ஹேண்டில்பார் தட்டுவது, ஒரே வீச்சில் முடித்த யூ-டர்னுக்கு இப்போது இருமுறை கால் ஊன்றுவது, சிக்னலில் நிற்கும் கணத்தில் ஒரு தடுமாற்றம், திரும்பி வெகுதூரம் வந்தபின்னும் இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டிருப்பது. இவை அனைத்தும் மெதுவேகக் குறிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலான சாட்சி பின்னிருக்கையில் முப்பது ஆண்டு உட்கார்ந்து வந்த மனைவி. அவருடைய கை தோளை முன்பைவிட இறுக்கிப் பிடிக்கத் தொடங்கியிருந்தால், அது எந்த மருத்துவச் சான்றையும்விட முந்தி வந்த அறிக்கை.

5. நகரமும் நெடுஞ்சாலையும்

இப்போது நம் முதன்மை வாதத்துக்கு வருவோம். ஓர் ஓட்டச் சூழல் உடலிடமும் மனத்திடமும் ஒவ்வொரு நிமிடமும் கேட்கும் வேலையின் அளவு ஓட்டச் சுமை. அங்கே பிழை நேர்ந்தால் வரும் கேட்டின் அளவு விளைவுக் கடுமை. நெடுஞ்சாலையை முதலில் விடுபவர் விளைவுக் கடுமையை மட்டும் எண்ணுகிறார்.

பெங்களூருவின் மையப்பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்க 2023இல் சராசரியாக 28 நிமிடம் 10 நொடி ஆனதாகப் போக்குவரத்துத் தரவு நிறுவனமான டாம்டாம் கணக்கிட்டது. அதாவது மணிக்கு ஏறத்தாழ 21 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிள் வேகத்தில் தானே நிமிர்ந்து ஓடும் இயல்புடையது. வேகம் குறையக் குறைய அந்த இயல்பு போய், நிமிர்த்தும் வேலை முழுவதும் ஓட்டுநரின் கை, கிளட்ச், கால் மீது விழுகிறது. ஆகவே சில்க் போர்டு சந்திப்பிலோ ஹெப்பாள் சந்திப்பிலோ மாலை ஆறு மணிக்கு ஊர்ந்து செல்பவர், வண்டி மிகக் குறைவாக உதவும் நிலையில் நிமிடக்கணக்காக இருக்கிறார். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு கால் ஊன்றல். ஊன்றும் இடம் சல்லியா, குழியா, மூடி பெயர்ந்த வடிகாலா என்பது முன்கூட்டித் தெரியாது. இடப்பக்கம் ஆட்டோ நுழையும், வலப்பக்கம் உணவு விநியோகம் செய்யும் இளைஞர் நுழைவார், எதிர்த்திசையிலும் ஒருவர் வருவார். தெரிவு எதிர்வினை மிகுதியாகக் கேட்கப்படும் இடம் இதுதான். ஏப்ரல், மே மாலைகளில் கோடை மழை வேறு. நனைந்த தாரில் உதிர்ந்து கிடக்கும் குல்மோகர் இதழ்களின் வழுக்கலை இந்த ஊர்க்காரர் அறிவர்.

“மெதுவாகத்தானே போகிறேன்” என்பது இளைஞருக்குப் பொருந்தும் வாதம். அறுபத்தெட்டு வயதில், நின்ற நிலையிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம். 195 கிலோ வண்டி கால்மேல் விழுந்தால் சொல்லவே வேண்டாம். நகர ஓட்டத்தில் விளைவுக் கடுமை குறைவு என்ற அனுமானம் எலும்பின் வயதோடு தேய்ந்துபோகிறது. ஓட்டச் சுமையோ உயர்ந்தபடியே இருக்கிறது.

நெடுஞ்சாலை பாதுகாப்பானது என்று நாம் சொல்லவில்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். பெங்களூரு-மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடங்களில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டிகளுக்குத் தடை. நகரின் புறவழியான நைஸ் சாலையில் 2022 முதல் இரவு 10 மணிக்குமேல் காலை 5 மணிவரை தடை. இவற்றில் குறைகாண ஒன்றுமில்லை. (மைசூரில் பிறந்த யெஸ்டி இன்று தன் பிறந்த ஊருக்குச் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டியிருக்கிறது என்பது வேறு.) ஆனால் வேகச் சாலை, நகரத் தெரு என்ற இரண்டோடு வகைப்பாடு முடிவதில்லை. ஞாயிறு விடியலில் மாகடி சாலை வழியே சாவன்துர்கா வரை மணிக்கு 50இல் போய் ஒன்பது மணிக்குள் திரும்புவது மூன்றாம் வகை. சுமையும் குறைவு, கடுமையும் மிதமானது.

ஆகவே வரிசை மாற வேண்டும். முதலில் விட வேண்டியது எடை. அதற்கடுத்து இரவு. பின்பு, குடும்பத்தார் தீங்கற்றது என்று கருதும் மாலைநேரக் கடைத்தெரு ஓட்டம், அதாவது மருந்து வாங்க, காய் வாங்க என்று ஆறு மணிக்கு வண்டியை எடுப்பது. பின்னிருக்கை ஆளை அதற்கும் முன்பே இறக்கிவிடுவது நல்லது. விடியல் ஓட்டம் கடைசிவரை நிற்கலாம். வழக்கத்தில் நடப்பது நேர்மாறு: வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பறித்துக்கொண்டு, மாலையில் காய் வாங்க அதே வண்டியில் அனுப்புகிறார்கள்.

எடை குறைப்பதற்கு ஸ்கூட்டர் போதும் என்பர். கிளட்ச் இல்லாதது வசதிதான். ஆனால் சிறிய சக்கரம் இவ்வூர்க் குழிகளில் ஆழமாக இறங்குகிறது. 90 கிலோவுக்குட்பட்ட எடையும் 16 அங்குலச் சக்கரமும் கொண்ட டிவிஎஸ் எக்ஸ்எல் 100 எமது கணக்கில் மேல். புல்லட்டிலிருந்து இறங்கியவர் அதில் ஏறக் கூசுவார் என்பதையும் அறிவோம்.

6. சட்டம் கேட்பதும் கேளாததும்

2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டப்படி, 55 வயதுக்குமேல் ஓட்டுநர் உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்கே புதுப்பிக்கப்படும். மருத்துவர் தரும் படிவம் 1ஏ, நல்ல பகலொளியில் 25 மீட்டர் தொலைவில் உள்ள காரின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா என்று கேட்கிறது. செவியையும் நிறப் பார்வையையும் கேட்கிறது. பகலொளி என்ற நிபந்தனையால் முதுமையின் தலையாய குறையான இரவுக் கூச்சம் அந்த எண் பலகைச் சோதனைக்கு அகப்படுவதில்லை. மரத்த பாதத்தையோ, சாயும் எடையைத் தாங்கும் காலையோ யாரும் சோதிப்பதில்லை. வண்டிக்கோ 15 ஆண்டு முடிந்ததும் நேரில் கொண்டுவந்து காட்டித் தகுதி பெற வேண்டும் என்ற விதி உண்டு. உரிமம் புதுப்பிக்கப்பட்டது என்பதை ஓட்டத் தகுதி உறுதியானது என்று கொள்வது, இதனால், சரியாகாது.

7. கடைசி விலகல்

தீர்மானிக்கும் திறன் தளர்வதற்கு முன்பே தீர்மானம் எழுதப்பட வேண்டும் என்பது எமது கருத்து. அறுபதில், மேற்சொன்ன மெதுவேகக் குறிகளில் எவை தோன்றினால் எதை விடுவது என்று ஓட்டுநரே குறித்து, மனைவியிடமோ மகளிடமோ, தம்மை நெடுங்காலம் அறிந்த மெக்கானிக்கிடமோ சொல்லிவைக்கலாம். மெக்கானிக்கைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. கிளட்ச் தகடு வழக்கத்தைவிட விரைவாகத் தேய்வதும், லெக் கார்டின் ஒரே பக்கத்தில் புதிய உரசல்கள் தோன்றுவதும் முதலில் அவர் கண்ணில்தான் படும்.

ஓட்டுவதை விட்டபின்னும் வண்டியை வீட்டில் வைத்திருப்பதை நாம் நிறுத்தமாகக் கொள்வதில்லை. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைப்பவர், ஒரு நாள் தெருமுனை வரை போய்வருவார். மகனுக்கோ பேரனுக்கோ கொடுப்பதாயின் சாவியைக் கொடுத்தால் மட்டும் போதாது. படிவம் 29, 30 நிரப்பி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்ற வேண்டும். விற்றுவிட்ட வண்டியானாலும், பதிவேட்டில் யார் பெயர் நிற்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. பெயர் மாறும்வரை, பேரன் எங்காவது இடித்தால் வழக்கில் தாத்தாவின் பெயரும் இருக்கும்.