மனு எழுதிய எங்கள் அய்யா



மலருக்கு நம்ம ஊர்க் குழு வந்த வரலாற்றை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். தீர்மான நோட்டு எழுதித்தான் பழக்கம், கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. குழு வரலாறு என்று நினைத்தாலே எனக்கு எங்க அய்யா, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தா, முகம்தான் முன்னால் வருகிறது. அதனால் அவரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அய்யா பிறந்த காலத்தில் நம்ம புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். மகாராஜா ஆட்சி. நவராத்திரிக்கு அரிசியோடு அம்மன் காசும் கொடுப்பார்களாம். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் 'விஜய' என்று தெலுங்கு எழுத்து. சின்னப் பிள்ளையாக அவங்க ஆத்தா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போய் வாங்கிய ஒரு காசை கடைசி வரை தகரப் பெட்டியில் வைத்திருந்தார். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து, திருச்சி ஜில்லாவில் இருந்தோம். 1974-ல்தான் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது. "அதுக்கு முன்னாடி கலெக்டரைப் பாக்கணும்னா திருச்சிக்குல்ல ஓடணும்" என்பார்.

அவர் ஓடினார் என்பதுதான் விசயம். அஞ்சாவது வரைதான் படிப்பு. ஆனால் எழுத்து மணி மணியாக இருக்கும். ஊரில் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் மனு எழுத எங்க வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். முதியோர் பென்சன், ரேசன் கார்டு, அடிபம்பு, கண்மாய் மடை ரிப்பேர், பஸ் விடக் கேட்டு மனு, எல்லாம் அவர் கைப்பட எழுதியதுதான். பஸ்ஸுக்கு மட்டும் எத்தனை மனு என்று அவருக்கே கணக்குத் தெரியாது. ஒரு காப்பித் தண்ணிகூட யாரிடமும் வாங்கிக் குடிக்க மாட்டார்.

ஊருக்கு அவர் நல்லவர். எங்க அப்பத்தாவைக் கேட்டால் வேறு கதை. நடவு நேரத்தில் மனுவைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போய்விடுவார், வயலில் நிற்பது அப்பத்தா. பஸ் செலவுக்கு அப்பத்தா தோடு இரண்டு தடவை அடகுக்குப் போயிருக்கிறது. ஒரு தடவை மூழ்கியே போனது. "ஊருக்கு உழைச்ச மனுசன் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணி தூக்கினதில்ல" என்று அப்பத்தா சொல்லும். இதையும் எழுதினால்தான் வரலாறு சரியாக இருக்கும் என்று எழுதுகிறேன். அவர் செய்த சேவையில் பாதி அப்பத்தாவுடையது.

1991-ல் நம்ம மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மா. எங்க திண்ணையிலும் வகுப்பு நடந்தது. எனக்கு அப்போ ஆறு வயசு. லாந்தர் வெளிச்சத்தில் எங்க அம்மா, அப்பத்தா, கல்குவாரிக்குப் போய்விட்டு வந்த அக்காமார் எல்லாம் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தது நல்லா ஞாபகம் இருக்கிறது. அப்பத்தா தன் பேரை முதன்முதலாக எழுதின அன்றைக்கு, "இனிமே எனக்கு வேலை குறையும்" என்று அய்யா சிரித்தார்.

அறிவொளியோடு சைக்கிளும் வந்தது. லேடீஸ் சைக்கிள் போதாமல், ஆம்பளைங்க ஓட்டுற சைக்கிளிலேயே நம்ம பெண்கள் கற்றுக்கொண்டார்கள். முன்னால் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ள அதுதான் வசதி. எங்க அம்மா கற்றுக்கொள்ளப் போனபோது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அய்யாதான் தன் சைக்கிளை எடுத்துக் கொடுத்து, "விழுந்தா எந்திரிச்சுக்கிரும், நீ போ" என்றார். நான் அந்தப் பாரில் உட்கார்ந்து ரைஸ்மில்லுக்குப் போயிருக்கிறேன். 1992-ல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள்.

இவ்வளவு செய்த அய்யா ஒரு இடத்தில் சும்மா இருந்துவிட்டார். 2001-ல் நான் பத்தாவது பாஸ் செய்தேன். பதினொன்றாவது படிக்க டவுனுக்குப் போகணும். பொம்பளைப் பிள்ளை தனியாகப் போக வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். நான் அய்யா முகத்தைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் அவரிடம் சரியாகப் பேசவில்லை.

மறு வருசம் எங்க ஊரில் மகளிர் குழு ஆரம்பித்தார்கள். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் சர்வதேச நிதி உதவியோடு தொடங்கின வேலை, 1997-ல் மகளிர் திட்டமாகி, பிறகு எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. எங்க ஊரில் முதல் கூட்டமும் அதே திண்ணையில்தான். வாரம் பத்து ரூபாய் சேமிப்பு. அம்மாமார்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், ஆனால் வரவு செலவு, தீர்மானம் எழுத ஆள் வேண்டும். அய்யாவை எழுதச் சொன்னார்கள். அவர் பேனாவை என்னிடம் நீட்டி, "எம் பேத்தி எழுதட்டும். இது பொம்பளைங்க சங்கம், இதுல என் எழுத்து வரக்கூடாது" என்றார்.

அன்று ராத்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஊருக்கெல்லாம் மனு எழுதினேன். உனக்காக உங்கப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அது என் தப்புத்தான் ஆத்தா" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. போன படிப்பு திரும்பி வரவில்லை. ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு என் மனசில் கோபம் இல்லை.

கல்யாணமும் உள்ளூரிலேயே ஆனதால் பிறகு நானும் உறுப்பினர் ஆனேன். 2009-ல் அய்யா படுத்த படுக்கையானார். வைத்தியச் செலவுக்குக் கந்து வட்டிக்குப் போகாமல், குழுவில் உள்கடனாகப் பத்தாயிரம் கொடுத்தார்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி. கடன் விண்ணப்பத்தை நான் எழுதினேன், அப்பத்தா கையெழுத்துப் போட்டது. அதைப் படித்துப் பார்த்துவிட்டு அய்யா, "மனுன்னா இப்படித்தான் சுருக்கமா இருக்கணும்" என்றார். எனக்கு அவர் கொடுத்த கடைசிச் சான்றிதழ் அது. அவர் போன பிறகு பத்து மாதத்தில் தவணை தவறாமல் அப்பத்தாவே கட்டி முடித்தது.

இப்போது என் மகள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில் பஸ் ஸ்டாப் வரை போய், அங்கிருந்து டவுனுக்குப் போகிறாள். "பிள்ளை தனியாப் போகுதே" என்று வீட்டில் பேச்சு வந்தபோது, இந்தத் தடவை நான் குனிந்துகொண்டு உட்காரவில்லை. அம்மன் காசு இருந்த தகரப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. குழுவின் பழைய தீர்மான நோட்டெல்லாம் அதில்தான் இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பெரியவர் இருந்திருப்பார், அவர் பின்னால் ஒரு அப்பத்தாவும் இருந்திருக்கும். அவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். நல்லதையும் எழுதுங்கள், விட்டுப்போனதையும் எழுதுங்கள். விட்டுப்போனதை நம்ம பிள்ளைகளுக்கு நாம் செய்து கொடுப்போம்.