மதிலின் எப்புறம் தங்குவது?

வேற்றூர் செல்வோன் முதற்கண் எண்ணுவது இரவு தங்குதற்கு ஓர் இடமே. அவ்வூர் மதில் சூழ்ந்த ஊராயின் மற்றொரு வினாவும் உடன் எழும்: தங்குவது மதிலகத்தா, மதிற்புறத்தா? இவ்வினா தமிழர்க்குப் புதியதன்று. மதுரையை அடைந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் முதலில் புறஞ்சேரியில் தங்கியதற்கு இளங்கோவடிகள் தனியே ஒரு காதை வகுத்துள்ளார். புறஞ்சேரி துறவோர்க்கு உரியது. இல்லறத்தார் உறைதற்கு ஏற்றதன்று. ஆதலின், பொழுது சாயுமுன் ஆயர் முதுமகள் மாதரியிடம் கண்ணகி அடைக்கலமாக ஒப்புவிக்கப்பெற்றாள். காவற்காடும் அகழியும் பொறிகளும் காத்து நின்ற கோட்டை வாயிலைக் கடந்தே மாதரி அவளைத் தன் மனைக்கு அழைத்துச் சென்றாள். மதிலின் உட்புறமே காப்புடையது என்று எல்லோரும் நம்பினர். பின்னர் நிகழ்ந்ததை நாம் அறிவோம்.

பிரிக்ஃபீல்ட்சிலும் கிள்ளானிலும் வாழும் நமக்குக் கோட்டை முற்றிலும் அறியாத பொருளன்று. 1867 முதல் 1874 வரை நிகழ்ந்த சிலாங்கூர் உள்நாட்டுப் போரை நினைவூட்டிக்கொண்டு இராஜா மகாடி கோட்டையின் வாயில் இன்றும் கிள்ளானில் நிற்கின்றது. ஆயினும் அஃது ஆற்றங்கரைக் கோட்டை. மதில் சூழ்ந்திருந்த பழைய கடற்கரைப் பட்டினத்தைக் காண விழைவோர் கோலாலம்பூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் சென்று மலாக்காவையே அடைதல் வேண்டும். நம் ஆசிரியர்கள் மாணவர்களை அங்கு அழைத்துச் செல்வதுண்டு. கோட்டை வாயிலின் முன் படம் எடுத்துக்கொண்டு மாலையே பேருந்து ஏறிவிடுவோர் பலர். இரவு தங்குவோரும் வாடகையையும் வசதியையும் மட்டுமே நோக்கி இடம் தேர்வர். நாம் நோக்கத்தக்கது வேறொன்றும் உண்டு என்பதை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

மலாக்காவின் அமைப்பை முதலில் மனத்திற் கொள்வோம். ஊரை ஊடறுத்து ஓர் ஆறு கடலிற் கலக்கின்றது. ஆற்றுக்குத் தெற்கே குன்று. சுல்தான்கள் காலத்தில் அரண்மனை அப்பக்கமே இருந்தது. ஆற்றுக்கு வடக்கே வணிகர் குடியிருப்பு. பழைய நூல்கள் அதனை உப்பே என்று குறிக்கும். 1512 முதல் 1515 வரை இங்கிருந்த போர்த்துக்கீசியராகிய தொமே பிரேசு என்பார், சுல்தான் ஆட்சியில் அயல்நாட்டு வணிகரைக் கவனிக்க நான்கு துறைமுகத் தலைவர்கள் இருந்தனர் என்றும், அவருள் ஒருவர் குசராத்தியர்க்கும், மற்றொருவர் சோழமண்டலக் கரையினர், வங்காளியர், பெகு நாட்டினர், பாசே நாட்டினர் ஆகியோர்க்கும் உரியவர் என்றும் எழுதியுள்ளார். வந்த வணிகர் ஓரிரு நாளில் திரும்புவோர் அல்லர். ஏற்ற காற்று எழும் வரை திங்கட்கணக்கிற் காத்திருந்தனர். ஆகவே அவர்க்கு உறைவிடமும் வேண்டும். சரக்கை வைக்க இடமும் வேண்டும்.

இங்கே தமிழாசிரியர்கள் ஒரு சொல்லைக் கருதுதல் தகும். சரக்கறையை மலாய் மொழி கூடாங் என்னும். ஆங்கிலத்தில் அது கொடவுன் ஆயிற்று. நம் கிடங்கு என்னும் சொல்லே இவற்றுக்கு மூலம் என்பது அறிஞர் சிலர் கருத்து. பண்டைத் தமிழில் கிடங்கு என்பது கோட்டையைச் சூழ்ந்த அகழியையும் குறித்தது. அரணுக்கும் வணிகத்துக்கும் ஒரு சொல்லே பெயராயிற்று. மலாக்காவிலோ அவ்விரண்டும் ஆற்றின் இரு கரைகளிற் பிரிந்து நின்றன.

1511 ஆகஸ்டில் ஆல்புகெர்க்கு மலாக்காவைக் கைப்பற்றினான். தென்கரையில் பள்ளிவாசல்களின் கற்களையும் அரசர் கல்லறைகளின் கற்களையும் கொண்டு கோட்டை எழுப்பினான். அதுவே ஆ ஃபமோசா. ஆட்சியும் படையும் மாதா கோயிலும் மதிலகத்தே அமைந்தன. தமிழ் வணிகர் வடகரையிலேயே உறைந்தனர். 1613-இல் மலாக்காவைப் பற்றி நூல் எழுதிய கொதின்கோ தெ எரேதியா, வடகரையில் சோழமண்டலக் கரையினர் வாழும் பகுதியைத் தனியே பெயரிட்டுக் குறித்துள்ளார். அக்கரையைக் காத்தது கல்மதில் அன்று. போர்த்துக்கீசியர் தம் மொழியில் திராங்கேரா என்று அழைத்த தடுப்பரணே. இன்றைய தெங்கேரா என்னும் ஊர்ப்பெயர் அதன் எச்சம்.

மதிலகத்தார் நல்கும் சிறப்பு எத்துணை நிலையற்றது என்பதற்கு நைனா சாத்து என்னும் வணிகரின் வாழ்வு சான்று. பெயரின் முற்பகுதி நயினார் என்பதன் திரிபு என்பர். சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியர்க்கு உதவிய இவரை, 1511 வெற்றிக்குப் பின் அவர்கள் பெண்டகாரா பதவியில் அமர்த்தினர். மூன்றாண்டு கழிந்ததும் அப்பதவியைப் பறித்துக் கம்பார் நாட்டு மன்னனுக்கு அளித்தனர். அவமதிப்பைப் பொறாத அவர் தீ வளர்த்து அதிற் புகுந்து உயிர் நீத்தார் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் எழுதுவர்.

மதிலும் தன்னுள் உறைந்தாரைக் காக்கவில்லை. 1640-இல் தொடங்கிய ஒல்லாந்தர் முற்றுகையில் கோட்டைக்குள் பசியும் பிணியும் பெருகின. 1641 சனவரியில் கோட்டை வீழ்ந்தது. வென்ற ஒல்லாந்தருள்ளும் செல்வர் ஆற்றைக் கடந்து வடகரையில் வீடு கட்டிக்கொண்டனர். அவர் வாழ்ந்த ஹீரன் தெருவே இன்று ஜாலான் துன் டான் செங் லோக். அதற்கு அணித்தே 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர் பள்ளிவாசல் எழுப்பினர். தைவநாயகம் செட்டி என்னும் தலைவர் ஒல்லாந்த அரசிடம் பெற்ற நிலத்தில் 1781-இல் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் எழுந்தது. சீனரின் செங் ஊன் தெங் கோயிலும் அருகிலேயே உள்ளது.

பின்னர் மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டை பிறர்க்குப் பயன்பட்டுவிடும் என அஞ்சி 1807-இல் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். மூன்று நூற்றாண்டு நின்ற அரணில் எஞ்சியது சந்தியாகு வாயில் ஒன்றே. 2006-இல் ஒரு கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது கொத்தளம் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. அதைப் பின்னர்ப் புதுக்கினர். கடலும் அவ்வாயிலருகே இல்லை. கரை தூர்க்கப்பட்டதால் தொலைவே சென்றுவிட்டது. ஆயின் வடகரைக் கோயிலில் விளக்கு எரிகின்றது. பள்ளிவாசலில் தொழுகை நடக்கின்றது.

புறத்தே வாழ்ந்தோர் ஒன்றும் இழந்திலர் என்று கூறுதல் உண்மையாகாது. வணிகம் தளர்ந்தபின் மலாக்காச் செட்டிகள் பலர் நகரை விட்டுக் காஜா பேராங் பகுதியிற் குடியேறினர். அவர் வீட்டுமொழி மலாய் ஆயிற்று. உடையும் உணவும் மாறின. எனினும் மாரியம்மனை வழிபடுகின்றனர், பொங்கலிடுகின்றனர், முன்னோர்க்குப் படைக்கின்றனர். மொழியை இழந்தும் வழிபாட்டை இழந்திலர். பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நாம் அவர்களைக் கண்டு கற்க வேண்டியது இரண்டு: பல நூற்றாண்டு கடந்தும் ஒரு சிறுகுடி தன் மரபைக் காத்தல் இயலும் என்பது ஒன்று, கற்பிப்பார் இல்லாவிடின் மொழி கைநழுவும் என்பது மற்றொன்று.

ஆதலின் மலாக்கா செல்லும் ஆசிரியர்க்கு நாம் கூறுவது இது. தங்குமிடம் தேர்கையில் வடகரையைத் தேர்க. பழைய வீடுகள் பல அங்கே விடுதிகளாகியுள்ளன. முகப்புக் குறுகியும் உள்ளே நீண்டும், நடுவில் ஒளிபுகும் முற்றத்தோடும் அமைந்த அவ்வீடுகளே ஒரு பாடம். வார இறுதியில் ஜாலான் ஹங் ஜெபாட்டில் இரவுச் சந்தை கூடும். அமைதி நாடுவோர் வேறு நாட்களிற் செல்க. வைகறையில் மாணவரைப் பொற்கொல்லர் தெருவாகிய ஜாலான் துக்காங் எமாசுக்கு அழைத்துச் செல்க. பின்னர்ப் பாலத்தைக் கடந்து கோட்டை வாயிலைக் காட்டுக. இறுதியாகக் காஜா பேராங் செல்க. இம்முறையிற் காணும் மாணவன் வாயிலின் முன் நின்று, இதற்கு அப்பால் நம்மவர் எங்கே இருந்தனர் என்று வினவமாட்டான். அவர்கள் வாழ்ந்த தெருவில் முந்தின இரவே உறங்கி எழுந்திருப்பான்.

2008-இல் யுனெஸ்கோ மலாக்காவையும் சார்ச்சு டவுனையும் உலக மரபுரிமை நகரங்களாக ஏற்றது. அப்பெருமையில் வடகரைத் தெருக்களுக்கும் பங்குண்டு. நம்மவர் பலரின் பாட்டன்மார் இரப்பர்த் தோட்டங்களுக்கும் இருப்புப்பாதைகளுக்கும் வந்தோர். அவர்க்குப் பல நூற்றாண்டு முன்பே வந்து, காற்றுக்குக் காத்திருந்து, வடகரையில் வீடும் கோயிலும் கண்ட தமிழர் இருந்தனர். அவர் தெருவில் ஓர் இரவேனும் தங்குதல் நம் கடன்.