சுவிட்சர்லாந்தில் இரண்டாம் வீட்டுக் கட்டுப்பாடு

குடியிருக்கும் வீடு ஓர் ஊரில் இருக்க, விடுமுறைக்கும் ஓய்வுக்குமாக வேறோர் ஊரில் வாங்கிப் போடும் வீட்டை இரண்டாம் வீடு என்பார்கள். மலையோரத்திலும் கடலோரத்திலும் சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் சிற்றூர்களுக்கு இது வரவும் தலைவலியும் சேர்ந்த சமாசாரம். பல நாடுகள் வரி போட்டும் கட்டட விதிகளைத் திருத்தியும் இதைச் சமாளிக்க, சுவிட்சர்லாந்து தன் அரசமைப்புச் சட்டத்திலேயே வரம்பு எழுதி வைத்தது. அந்நாட்டின் எந்த ஊராட்சியிலும் இரண்டாம் வீடுகள் மொத்த வீடுகளில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 2012ல் நடந்த பொது வாக்கெடுப்பில் பிறந்த இந்த விதி, மலைச்சரிவுகளில் புதிய கட்டடங்கள் பரவுவதைத் தடுத்தது. உள்ளூர்க்காரருக்கு வீடு கிடைக்க வழி செய்ததா என்று கேட்டால், பல ஊர்களில் நிலைமை நேர்மாறாகப் போயிருக்கிறது.

பின்னணி

ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகள் பலவற்றில் இரண்டாம் உலகப் போர் வரை நிலத்துக்குப் பெரிய விலை கிடையாது. மாடு மேய்த்தலும் புல் அறுத்தலுமே பிழைப்பு. சாலைகளும் பனிச்சறுக்கு இழுவை ஊர்திகளும் வந்த பிறகு, 1960களிலும் 70களிலும் அந்தப் புல்வெளிகள் மனைகளாயின. வலே, கிராபுண்டன், டிசினோ ஆகிய மாநிலங்களில் (அங்கே கன்டோன் என்பர்) மரவீடுகளும் அடுக்ககங்களும் எழுந்தன. ஒரு மனையை விற்ற காசில் தனக்கு வீடு கட்டிப் பிள்ளையையும் படிக்க வைத்த விவசாயக் குடும்பங்கள் ஏராளம். கட்டட வேலையே பல பள்ளத்தாக்குகளின் முதன்மைத் தொழிலாயிற்று. இதை மறந்துவிட்டு, வெளியூர்ப் பணக்காரன் வந்து ஊரைக் கெடுத்தான் என்று மட்டும் கதை சொன்னால் பாதி உண்மைதான் மிஞ்சும்.

வெளிநாட்டவர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் 1961லிருந்தே இருந்தன. 1983ல் நிறைவேறி 1985 முதல் நடைமுறையில் இருக்கும் ‘லெக்ஸ் கோலர்’ சட்டப்படி, நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 1,500 விடுமுறை வீடுகளுக்கு மேல் வெளிநாட்டவருக்கு ஒதுக்க முடியாது. ஆனால் சூரிச், பாசல், ஜெனீவா நகரவாசிகளுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. மலைவீடு வாங்கியவர்களில் பலர் அவர்களே.

வீட்டு விலை எப்படி ஏறுகிறது

ஓர் ஊரின் வீட்டு விலையை வழக்கமாக அந்த ஊர்ச் சம்பளம்தான் தீர்மானிக்கும். இரண்டாம் வீட்டுக்காரர் சந்தைக்குள் நுழைந்ததும் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. சென்ட் மோரிட்ஸைச் சுற்றியுள்ள மேல் எங்காடின் பள்ளத்தாக்கில் வீட்டு விலையைச் சூரிச் வங்கியாளரின் வருமானமும் மிலான் தொழிலதிபரின் வருமானமும் நிர்ணயிக்கின்றன. அங்குள்ள பள்ளி ஆசிரியர், செவிலியர், பனிவாரும் வண்டி ஓட்டுநர் எல்லாரும் அதே சந்தையில்தான் வாடகைக்கு வீடு தேட வேண்டும்.

எங்காடின் கிராமத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கனத்த கற்சுவர், சுண்ணாம்புப் பூச்சைக் கீறி வரைந்த கோலங்கள், வீடும் வைக்கோல் களஞ்சியமும் ஒரே கூரையின்கீழ். முதியவர் இறந்ததும் நான்கு வாரிசுகள் பங்கு கேட்கிறார்கள். ஒருவர் மட்டும் ஊரில் இருக்கிறார். மற்றவர்களின் பங்கைச் சந்தை விலையில் வாங்க அவரிடம் பணமில்லை. வீடு விற்பனைக்குப் போகிறது. வாங்கியவர் களஞ்சியத்தைப் பெரிய வரவேற்பறையாக்கி, ஆண்டில் சில வாரம் வந்து தங்குகிறார். இதில் யாரும் தவறு செய்யவில்லை. எனினும் தெருவில் ஒரு விளக்கு குறைந்துவிட்டது.

இப்படியே போனால் ஊரின் நடுப்பகுதி ஆண்டில் பெரும்பகுதி சாத்திக் கிடக்கும். பள்ளியில் பிள்ளைகள் குறைவார்கள். சுவிஸ் சிற்றூர்களில் தீயணைப்பு வேலையையே ஊர்க்காரர்கள்தான் முறைவைத்துச் செய்கிறார்கள். நிரந்தரமாகக் குடியிருப்பவர் இல்லாவிட்டால் அதற்கும் ஆளில்லை. விடுதிகளிலும் கடைகளிலும் வேலை செய்பவர்கள் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதிக்கு இறங்கிப் போகிறார்கள். எங்காடினுக்கு இத்தாலியின் வால்தெலினா, கியவென்னா பக்கமிருந்து எல்லை தாண்டி அன்றாடம் வேலைக்கு வருவோர் பலர்.

ஊராட்சியின் கணக்கு

குடிநீர்த் தொட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், சாலை, மின்சாரம், பனி அகற்றுதல் என எல்லாவற்றையும் உச்சக் கூட்டத்துக்கு ஏற்றபடி கட்ட வேண்டும். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலும், பிப்ரவரிப் பள்ளி விடுமுறையிலும் ஊர் பல மடங்கு பெருகும். நவம்பரில் அதே குழாய்கள் காலியாகக் கிடக்கும். சில வாரக் கூட்டத்துக்காகப் பதித்ததை ஆண்டு முழுவதும் பராமரிப்பது ஊராட்சியின் தலையில்.

வருமான வரியின் பெரும்பகுதியை ஒருவர் தாம் குடியிருக்கும் ஊரில்தான் கட்டுகிறார். இரண்டாம் வீடு இருக்கும் ஊருக்குச் சொத்து தொடர்பான வரிகளும் கட்டணங்களுமே வரும். அவருக்கு அந்த ஊரில் வாக்குரிமையும் இல்லை. ஆகவே ‘வரி கட்டுகிறோம், கேள்வி கேட்க வழியில்லை’ என்பது வீட்டுக்காரர் புகார். ‘வசதிகளை அனுபவிக்கிறீர்கள், போதிய வரி தருவதில்லை’ என்பது ஊர்க்காரர் புகார். இரண்டிலும் நியாயம் உண்டு. மேல் எங்காடினின் சில்வாப்ளானா ஊராட்சி, வாடகைக்கு விடாமல் பூட்டி வைக்கும் இரண்டாம் வீடுகளுக்குத் தனி வரி விதித்தது. வழக்கு கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வரை போய், 2014ல் வரி செல்லும் என்று தீர்ப்பானது.

வாடகைக்கு விடும் வீட்டை ‘சூடான படுக்கை’ என்றும், பூட்டிக் கிடப்பதைக் ‘குளிர்ந்த படுக்கை’ என்றும் சுற்றுலாத் துறையினர் பிரித்துப் பேசுவார்கள். பனிச்சறுக்கு நிறுவனங்களுக்கு முன்னது வேண்டும். தேசிய அளவில் தடை வருவதற்கு முன்பே, புதுக் கட்டடத்தில் இவ்வளவு பங்கு உள்ளூர்வாசிகளுக்கு என்று விதி செய்தும், விடுதிக்கென்றே தனி மண்டலம் ஒதுக்கியும் பல ஊராட்சிகள் முயன்றன. 2005ல் மேல் எங்காடின் மக்களே ஆண்டுக்கு இவ்வளவு பரப்புக்கு மேல் இரண்டாம் வீடு கட்டக்கூடாது என்று வாக்களித்தார்கள்.

2012 வாக்கெடுப்பு

வரம்பற்ற இரண்டாம் வீட்டுக் கட்டுமானத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கக் கோரிய மக்கள் முன்முயற்சியைக் கொண்டுவந்தவர் ஃபிரான்ஸ் வெபர் (1927–2019). இயற்கைப் பாதுகாப்பில் பிடிவாதத்துக்குப் பேர்போனவர். அவர் கண்ணில் பட்டது வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலையும் ஆசிரியை அல்ல, கான்கிரீட் ஏறிய மலைச்சரிவு. பின்னால் வந்த சிக்கல்களுக்கு விதை இங்கேயே விழுந்துவிட்டது.

அரசும் நாடாளுமன்றமும் நிராகரிக்கச் சொல்லியும் 2012 மார்ச் 11 அன்று 50.6 விழுக்காட்டினர் ஆதரித்தனர். நாடு முழுவதற்கும் வித்தியாசம் சுமார் 29 ஆயிரம் வாக்குகள். சமவெளி நகரங்கள் ஆதரித்தன. மலை மாநிலங்கள் எதிர்த்தன. வலே மாநிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எதிர்த்து வாக்களித்தனர். ஏற்கெனவே மலைவீடு வைத்திருந்த நகரத்தாருக்கு இந்தத் தடையால் நட்டமில்லை என்பதையும் மலைக்காரர்கள் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

விதி எந்த நாளிலிருந்து செல்லும் என்பதில் அடுத்த சண்டை. சட்டம் வருவதற்குள் முந்திக்கொள்ளலாம் என்று ஊராட்சிகள் கட்டட அனுமதிகளை அள்ளிக் கொடுத்தன. வெபரின் ‘ஹெல்வேசியா நோஸ்ட்ரா’ அமைப்பு நூற்றுக்கணக்கில் ஆட்சேபம் தாக்கல் செய்தது. வாக்கெடுப்பு நாளிலிருந்தே விதி செல்லும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்த அனுமதிகள் ஆட்டங்கண்டன.

சட்டம் நடைமுறையில்

2015ல் நிறைவேறிய இரண்டாம் வீட்டுச் சட்டம் 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வோர் ஊராட்சியும் ஆண்டுதோறும் தன் வீடுகளைக் கணக்கெடுக்க வேண்டும். வீட்டுப் பதிவேட்டையும் குடியிருப்போர் பதிவேட்டையும் ஒப்பிட்டு, நிரந்தரமாகப் பதிந்து வாழ்பவர் உள்ள வீட்டை முதல் வீடு என்று குறிப்பார்கள். விடுதி ஊழியர் குடியிருப்பு, வேலைக்கோ படிப்புக்கோ தங்கும் வீடு போன்றவையும் முதல் வீட்டுக்குச் சமமாகவே கணக்கில் சேரும். 20 விழுக்காட்டைத் தாண்டிய ஊரில் புதிதாக விடுமுறை வீடு கட்ட முடியாது. நாட்டின் சுமார் 2,100 ஊராட்சிகளில் இப்படித் தாண்டியவை 300க்கும் மேல். பேர்பெற்ற மலைச் சுற்றுலா ஊர்கள் அநேகமாக எல்லாமே இதில் அடக்கம். பல ஊர்களில் பங்கு பாதிக்கும் மேல்.

விதிவிலக்குகள் உண்டு. உரிமையாளர் அதே வீட்டில் குடியிருந்தபடி ஒரு பகுதியைப் பயணிகளுக்கு விடலாம். விடுதிகள், தம் முதலீட்டுக்குப் பணம் திரட்ட ஓரளவு வீடு கட்டி விற்கலாம். இவற்றைவிடப் பெரிய விலக்கு, 2012 மார்ச் 11க்கு முன் கட்டிய அல்லது அனுமதி பெற்ற எல்லா வீடுகளுக்கும் அளித்த சுதந்திரம். ‘பழைய உரிமை’ வீடுகள் எனப்படும் இவற்றில் உள்ளூர்வாசியும் குடியிருக்கலாம், வெளியூர்க்காரரும் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவும் தடையில்லை.

20 விழுக்காட்டைத் தாண்டிய ஊரில் புதிதாகக் கட்டும் முதல் வீட்டுக்கு, அது முதல் வீடாகவே இருக்க வேண்டும் என்று நிலப் பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏறுகிறது. நம்மூரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போல, அங்கே வாங்குபவர் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். அடுத்தடுத்த இரண்டு வீடுகள், ஒரே பரப்பு, ஒரே காட்சி. ஆனால் குறிப்பு உள்ளதற்கும் இல்லாததற்கும் விலையில் பெரிய இடைவெளி. ஒரே ஊருக்குள் இரண்டு சந்தைகள் உருவாகிவிட்டன.

விளைவுகள்

தடை வந்த முதல் சில ஆண்டுகளைப் பற்றிக் கிறிஸ்டியன் ஹில்பர், ஒலிவியே ஷோனி என்ற பொருளியலாளர்கள் 2020ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்ட ஊர்களில் முதல் வீடுகளின் விலை வளர்ச்சி சரிந்தது, இரண்டாம் வீடுகளின் விலை வளர்ச்சி கூடியது, வேலையின்மையும் ஏறியது என்பது முடிவு. வீடு மலிவானால் உள்ளூர்க்காரருக்கு நல்லதுதானே என்று தோன்றும். கட்டட வேலை சுருங்கி ஊர் வருமானமே இளைத்ததால் வந்த மலிவு அது. சொந்த வீடு வைத்திருந்த உள்ளூர்க்காரரின் சொத்து மதிப்பும் அடிபட்டது.

கொரோனாவுக்குப் பின் காட்சி மாறியது. வீட்டிலிருந்தே வேலை என்றானதும் மலைவீட்டுக்குக் கிராக்கி எகிறியது. புதிதாகக் கட்ட வழியில்லாததால் பணம் முழுவதும் பழைய உரிமை வீடுகளை நோக்கிப் பாய்ந்தது. அந்த வீடுகளில்தான் உள்ளூர் வாடகைக் குடும்பங்கள் இருந்தன. உரிமையாளர் ‘புதுப்பிக்கப் போகிறோம்’ என்று காலி செய்யச் சொல்வார். வேலை முடிந்ததும் வீடு விடுமுறை வீடாக விலைபோகும். பல சுற்றுலா ஊர்களில் காலி வீடுகள் நூற்றில் ஒன்றுகூட இல்லை என்ற நிலை.

இதே காலத்தில் இன்னொரு நெருக்கடியும் சேர்ந்தது. 2013ல் மக்கள் ஏற்று 2014 முதல் நடைமுறையில் உள்ள நிலப் பயன்பாட்டுச் சட்டத் திருத்தம், 15 ஆண்டுத் தேவைக்கு மேல் மனைநிலம் வைத்திருக்கக் கூடாது என்கிறது. அளவுக்கு மீறி மனை ஒதுக்கியிருந்த வலே ஊராட்சிகள் நிலத்தைத் திரும்ப விவசாய மண்டலமாக்க வேண்டியதாயிற்று. உள்ளூர்வாசிகளுக்கு வீடு கட்டித் தர வேண்டிய நேரத்தில் மனைக் கையிருப்பு சுருங்குகிறது. தம் பொது நிலத்தைக் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுவது ஊராட்சிகள் கையாளும் வழிகளில் ஒன்று. மெதுவான வழிதான், ஆனால் பலன் தெரியும் வழி.

2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பழைய உரிமை வீடுகளை இடித்துக் கட்டும்போது பரப்பை 30 விழுக்காடு வரை கூட்டவும், அதில் கூடுதல் வீடுகள் அமைக்கவும் இடம் கொடுத்தது. பழைய கட்டடங்களைச் சீரமைக்க ஊக்கம் என்றார்கள் ஆதரித்தவர்கள். இடித்துக் கட்டுவது இலாபமானால் குடியிருப்பவரை வெளியேற்றுவதும் இலாபமாகும் என்றார்கள் எதிர்த்தவர்கள். இந்த இரண்டாவது வாதமே வலுவானது.

பிற நாடுகள்

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம் விடுமுறை வீடுகளுக்கு 8 விழுக்காடு வரம்பு வைத்துள்ளது. இங்கிலாந்தில் கார்ன்வாலின் சென்ட் ஐவ்ஸ், புதிய வீடுகள் நிரந்தரவாசிகளுக்கே என்று 2016ல் ஊர் வாக்கெடுப்பில் முடிவு செய்தது. அங்கும் பழைய வீடுகளுக்கு விதி பொருந்தாது. வேல்ஸ் நேரே பழைய வீடுகளைக் குறிவைத்தது. 2023 ஏப்ரல் முதல் இரண்டாம் வீட்டுக்கு உள்ளாட்சி வரியோடு 300 விழுக்காடு வரை கூடுதல் வரி போட அங்குள்ள மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு.

வரியும் அதிகாரமும்

சுவிட்சர்லாந்தில், சொந்த வீட்டுக்கு வாடகை வருவதாகக் கொண்டு கணக்கிடும் வருமான வரியை நீக்க 2025 செப்டம்பர் 28 அன்று மக்கள் வாக்களித்தனர். இந்த வரியில் இரண்டாம் வீடுகளிலிருந்து கிடைத்த வருவாயை மலையூர்கள் இழக்கும் என்பதால், அவ்வீடுகளுக்குத் தனிச் சொத்து வரி விதிக்கும் உரிமை மாநிலங்களுக்குத் தரப்பட்டது.

பழைய உரிமை வீடுகளால் கேடு விளைந்தால் மாநிலமும் ஊராட்சியும் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று இரண்டாம் வீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. ஊராட்சிகள் அதைத் தொடத் தயங்குவதற்குக் காரணம் வெளியூர்க்காரர் அல்லர். ஊர்க் கூட்டத்தில் கை தூக்கும் வாக்காளர்களில் பலர் அந்தப் பழைய வீடுகளின் சொந்தக்காரர்கள். அந்த வீட்டின் விலையே அவர்களுடைய முதுமைக்கான சேமிப்பு.